பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தேடினால் ஒன்று ஆயிரக்கணக்கில் வருகிறது, இல்லாவிட்டால் ஒன்றுமே வருவதில்லை. எப்படித் தேடுவது?

இலங்கையில் ஹட்டன் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்துகொண்டே பட்டப்படிப்பை முடித்தவள் நான். ஆய்வுக்கு எடுத்த விடயம், தேயிலைக் கொழுந்து பறிக்கும் கர்ப்பிணிகளுக்கு வரும் குருதிச்சோகை, அதாவது அனீமியா. நீங்கள் கேட்கும் இதே கேள்வியோடு ஒரு மாதம் அலைந்தேன்.

முதல் நாள் 'டீ', 'அனீமியா' என்று இரண்டே சொற்களைத் தட்டினேன். சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் உடம்பில் இரும்புச்சத்து சேர்வது குறையும் என்று சொல்லும் கட்டுரைகள் வந்து குவிந்தன. சரி, கொழுந்து பறிப்பதற்கான 'பிளக்கிங்' என்ற சொல்லைத் தனியே போட்டுப் பார்த்தேன். கூண்டுக் கிளி தன் இறகைத் தானே பிடுங்கிக்கொள்ளும் பிரச்சினையைப் பற்றியெல்லாம் வந்தது. கேட்டதைத்தான் தந்தது, பாவம்.

அப்புறம்தான் எங்கே சிக்கல் என்று புரிந்தது. ஒரே விடயத்தை ஊருக்கு ஊர் வேறு பெயரில் எழுதுகிறார்கள். இலங்கையில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரிப்பதால் நம்முடைய கட்டுரைகளில் 'எஸ்டேட்' என்று இருக்கும். அஸ்ஸாம்காரர்கள் 'டீ கார்டன்' என்பார்கள். வேறு இடங்களில் 'பிளான்டேஷன்'. நான் 'எஸ்டேட்' என்று மட்டும் தேடியதால் அஸ்ஸாம் ஆய்வுகள் பலவும் கண்ணிலேயே படவில்லை. ஆட்களுக்கும் அப்படித்தான்: பிளக்கர், பிக்கர், ஒர்க்கர், லேபரர். நம் சனத்தையே ஒரு கட்டுரை 'இந்தியத் தமிழர்' என்னும், இன்னொன்று 'மலையகத் தமிழர்' என்னும்.

அதனால் கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். யார், என்ன நோய், எந்த இடம் என்று பத்தி பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தெரிந்த பெயர்களையெல்லாம் எழுதுங்கள். ஒரே பத்திக்குள் இருக்கும் சொற்களை 'ஆர்' (இது அல்லது அது) போட்டு இணைத்து அடைப்புக்குறிக்குள் வையுங்கள். பத்திகளுக்கு நடுவே 'ஆண்ட்' (இதுவும் அதுவும்) போடுங்கள். இரண்டையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுங்கள். பப்மெட் இடமிருந்து வலமாக வாசித்துக்கொண்டே போவதால், அடைப்புக்குறி இல்லாவிட்டால் எல்லாம் குழம்பிவிடும்.

நோய்ப் பத்திக்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் தொடங்கிய 'மெஷ்' என்ற தலைப்புச்சொல் பட்டியல் அது. சுமார் 30,000 தலைப்புகள். கட்டுரையாளர் எந்தச் சொல்லை எழுதியிருந்தாலும், ஒரே விடயத்தைப் பேசும் கட்டுரைகளுக்கு ஒரே தலைப்பைக் கொடுத்துவிடுவார்கள். 'அனீமியா' என்ற தலைப்பில் தேடினால், அதன் கீழே கிளையாக இருக்கும் இரும்புச்சத்துக் குறைபாட்டு வகையும் சேர்ந்தே வரும். நல்ல கட்டுரை ஒன்று கையில் சிக்கினால் அதன் அடியில் உள்ள மெஷ் தலைப்புகளைப் பாருங்கள். 'விவசாயத் தொழிலாளர் நோய்கள்' என்று ஒரு தலைப்பு இருப்பது எனக்கு அப்படித்தான் தெரியவந்தது. பக்கத்திலேயே 'ஒத்த கட்டுரைகள்' என்ற இணைப்பும் இருக்கும். அரை நாள் தேடுவதை அது சில வேளை ஐந்து நிமிடத்தில் தந்துவிடும்.

ஆனால் மெஷ்ஷை மட்டும் நம்பிவிடாதீர்கள். புத்தம்புதுக் கட்டுரைக்குத் தலைப்பு இன்னும் ஏறாமல் இருக்கலாம், அந்த நூலகம் தெரிவு செய்த இதழ்களின் தொகுப்பான மெட்லைனில் சேராத இதழ்களுக்கு ஏறவே ஏறாது. மெஷ் தலைப்பையும், கட்டுரைத் தலைப்பிலும் சுருக்கத்திலும் வரும் சாதாரணச் சொல்லையும் 'ஆர்' போட்டுச் சேர்த்தே தேடுங்கள்.

மேற்கோள் குறியிலும் கவனம் வேண்டும். அனீமியாவை பிரிட்டிஷ் முறையில் எழுதினால் நடுவில் ஒரு 'ஏ' கூடும். சும்மா தட்டினால் பப்மெட் இரண்டு எழுத்துமுறையையும் தானே எடுத்துக்கொள்ளும். மேற்கோளுக்குள் போட்டால் நீங்கள் எழுதியதை மட்டும்தான் தேடும். அதே தொடக்கமுள்ள சொற்களெல்லாம் வரட்டும் என்று சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டாலும் அந்தத் தானியங்கி உதவி நின்றுவிடும். உங்கள் கேள்வியை அது எப்படிப் புரிந்துகொண்டது என்பது 'அட்வான்ஸ்ட்' பக்கத்தில், ஒவ்வொரு தேடலுக்கும் எதிரே உள்ள 'டீடெய்ல்ஸ்' பகுதியில் இருக்கும். இதைத் திறந்து பார்க்காமல் நான் இப்போது ஒரு தேடலையும் நம்புவதில்லை.

வேண்டாததை நீக்கும் 'நாட்' என்ற சொல்லால் ஒருமுறை நன்றாகச் சூடுபட்டேன். தேநீர் குடிப்பது பற்றிய கட்டுரைகள் தொல்லை கொடுக்கின்றனவே என்று 'டிரிங்கிங்' வேண்டாம் எனப் போட்டேன். பட்டியல் சுத்தமானது. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பதைப் பற்றி எழுதிய கட்டுரைகளும் சேர்ந்தே போய்விட்டன. எனக்கு வேண்டியவை அவைதான்!

பழைய விடயம் தேடுகிறவர்கள் 'சிலோன்' என்றும் போட வேண்டும். 1972 வரை நாட்டின் பெயர் அதுதானே. 1887இல் தொடங்கிய 'சிலோன் மெடிக்கல் ஜர்னல்' இன்றும் அந்தப் பெயரோடுதான் வருகிறது. தோட்டத்துக் குருதிச்சோகைக்குப் பெரிய காரணமாக இருந்த கொக்கிப்புழு நோயையும் அந்தக் காலத்தில் 'அன்கிலோஸ்டோமியாசிஸ்' என்று எழுதினார்கள். 'ஹூக்வோர்ம்' என்று மட்டும் தேடினால் அவற்றில் சில தப்பிவிடலாம்.

பப்மெட்டில் இல்லாத உள்நாட்டு இதழ்கள் பலவற்றை 'ஸ்ரீலங்கா ஜர்னல்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். அங்கே அனீமியாவை இரண்டு எழுத்துமுறையிலும் தேடிவிடுங்கள். கூகுள் ஸ்காலரைக் கடைசியில் பாருங்கள். எத்தனை இலட்சம் என்று காட்டினாலும் முதல் 1,000 முடிவுகளுக்கு மேல் திறக்காது. இலவச முழுக்கட்டுரை என்ற வடிகட்டியைத் தொடக்கத்திலேயே அழுத்தாதீர்கள். முதலில் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கிடைக்காததை நூலகரிடம் கேளுங்கள், ஆய்விதழ்களை இலவசமாகவோ குறைந்த விலையிலோ வாசிக்கத் தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஹினாரி வசதி உங்கள் நிறுவனத்துக்கு இருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அதுவும் சரிவராவிட்டால் கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் போடுங்கள். எனக்கு இரண்டு பேர் மறுநாளே அனுப்பினார்கள்.

தேடிய நாள், தட்டிய வரி, வந்த எண்ணிக்கை மூன்றையும் அன்றன்றே கொப்பியில் எழுதிவிடுங்கள். நான் எழுதவில்லை. "எத்தனை வந்தது, எத்தனையை விட்டீர்கள்?" என்று மேற்பார்வையாளர் கேட்டபோது முழித்தேன். அந்த வாரம் முழுக்க அடைமழை, கரண்டும் போய்ப் போய் வந்தது. இரவு வேலை முடிந்து வந்து, கைபேசி இணைப்பில் எல்லாத் தேடலையும் முதலிலிருந்து செய்தேன். பப்மெட்டில் இலவசக் கணக்கு ஒன்று திறந்து தேடலைச் சேமித்திருந்தால், புதுக் கட்டுரை வரும்போதுகூட அதுவே மின்னஞ்சல் அனுப்பியிருக்கும்.