படர்தாமரை: பூசும் முன் சுரண்டிப் பார்ப்போம்

தோல் நோய்களைப் பற்றிக் கேள்விகள் அனுப்பலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்ததில் பாதிக்கு மேல் படர்தாமரை. என் புறநோயாளிப் பிரிவிலும் இதே நிலைமைதான். தோல் மருத்துவராக இருப்பதோடு பூஞ்சைத் தொற்று ஆய்வுகளிலும் சில ஆண்டுகள் வேலை செய்தவள் என்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசுகிறேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (திருப்பூர், பனியன் கம்பெனியில் வேலை): டாக்டரம்மா, ரெண்டு வருஷமா தொடை இடுக்கிலும் இடுப்பிலும் படர்தாமரை. மெடிக்கலில் கொடுக்கிற க்ரீமைப் போட்டால் ரெண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. விட்டால் முன்பைவிடப் பெரிசாக வருகிறது. என் உடம்பில் ஏதாவது கோளாறா?

பதில்: உங்கள் உடம்பில் கோளாறு இல்லை தம்பி. அந்த ட்யூபைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படியுங்கள். பொடி எழுத்தில் நாலைந்து மருந்துகளின் பெயர் இருக்கும். அதில் குளோபெட்டாசால், பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. குளோபெட்டாசால் என்பது பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகை.

அரிப்பும் சிவப்பும் பெரும்பாலும் பூஞ்சையை எதிர்த்து நம் உடம்பு போடும் சண்டையால் வருபவை. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை அடக்கிவிடுகிறது. அரிப்பு நின்றதும் நோய் போய்விட்டது என்று நினைக்கிறோம். பூஞ்சை தடுக்க ஆளில்லாமல் பரவுகிறது. க்ரீமை நிறுத்தியதும் உடம்பு மறுபடி சண்டைக்கு வரும்போது, இடம் முன்பைவிட இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பிரிட்டனில் ஐவ், மார்க்ஸ் என்ற இரு மருத்துவர்கள் 1968-லேயே எழுதிவிட்டார்கள். ஸ்டீராய்டு பூசிய படர்தாமரை தன் வட்டத்தையும் செதிலையும் இழந்து ஆள் அடையாளம் தெரியாமல் ஆகிவிடுவதால் 'டீனியா இன்காக்னிட்டோ' என்று பெயர் வைத்தார்கள். மாறுவேடப் படர்தாமரை என்று சொல்லலாம். பயிற்சிக் காலத்தில் நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். ஒரு அம்மாவின் கன்னத்தில் இருந்ததைக் கரப்பான் (எக்சிமா) என்று எழுதி, மறுபடி ஸ்டீராய்டையே கொடுத்தேன். மூன்றே வாரத்தில் காது வரை பரவி வந்து நின்றார். அன்றைக்கே சுரண்டிப் பார்த்திருந்தால் கால் மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

போன மாதம் ஒருவர் மஞ்சள் ப்ளாஸ்டிக் பையை என் மேசையில் கவிழ்த்தார். ஏழு ட்யூப்கள், எல்லாமே அடியிலிருந்து பிதுக்கிச் சுருட்டியவை. ஏழிலும் ஸ்டீராய்டு. தொடையில் பிரசவத் தழும்பு போல ஊதா நிறக் கோடுகள் விழுந்திருந்தன. படர்தாமரை குணமாகிவிடும், அந்தக் கோடுகள் முழுதாக மறையாது. ஸ்டீராய்டு களிம்புகளை 2018-ல் மத்திய அரசு ஷெட்யூல் எச் பட்டியலில் சேர்த்துவிட்டது. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது.

அந்த க்ரீமை நிறுத்துங்கள். முதல் ஓரிரு வாரம் அரிப்பு கூடும், பயந்துபோய்த் திரும்ப எடுத்துப் பூசாதீர்கள். அதற்குள் தோல் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் தோல் பிரிவு இருக்கிறது.

கேள்வி (சேலம், லேப் டெக்னீஷியன்): மேடம், எங்கள் லேபில் கே.ஓ.எச். பரிசோதனை அடிக்கடி நெகட்டிவ் என்றே வருகிறது. பார்த்தால் படர்தாமரை மாதிரிதான் தெரிகிறது. எங்கே தவறுகிறோம்?

பதில்: இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மற்றவர்களுக்காக ஒரு வரி: தோலைச் சுரண்டி எடுத்த தூளை ஒரு ரசாயனத்தில் கரைத்து, மைக்ரோஸ்கோப்பில் பூஞ்சையைத் தேடுவதுதான் கே.ஓ.எச். பரிசோதனை. முதல் சந்தேகம், எங்கிருந்து சுரண்டுகிறீர்கள் என்பதில். வட்டத்தின் நடுவில் பூஞ்சை குறைவு. அது விளிம்பில்தான் வாழ்கிறது, அங்கிருந்துதான் வெளியே படர்கிறது. ஸ்பிரிட்டால் துடைத்து, காய விட்டு, 15-ஆம் எண் பிளேடின் முதுகுப் பக்கமாகவோ சாய்த்துப் பிடித்தோ விளிம்பில் உள்ளிருந்து வெளியே மெதுவாகச் சுரண்டுங்கள். ரத்தம் வரக் கூடாது. பவுடர் போல வெள்ளைத் தூள் உதிர வேண்டும். ஒரு சிட்டிகை போதாது, தாராளமாக எடுங்கள்.

அடுத்தது பொறுமை. 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு (கே.ஓ.எச்.) ஒரு சொட்டு விட்டு, கவர் ஸ்லிப் போட்டு, குறைந்தது 10, 15 நிமிடம் விடுங்கள். தோலின் கெட்டியான புரதமான கெரட்டின் கரைந்தால்தான் பூஞ்சை இழை கண்ணுக்குத் தெரியும். உள்ளங்கை, பாதத்துச் செதிலுக்கு 20 சதவீதம் வேண்டும். நகத்துக்கு ராத்திரி முழுக்க ஊற வேண்டும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பின் கண்டென்சரை இறக்கி வெளிச்சத்தைக் குறையுங்கள். நிறைய லேப்களில் வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது, அதில் நிறமில்லாத இழை கரைந்தே போய்விடும். ஒரே தடிமனில், இடையிடையே குறுக்குச் சுவரோடு, கிளை பிரிந்து, பல தோல் செல்களின் எல்லையைத் தாண்டி ஓடும் இழையைத் தேடுங்கள். செல்லின் ஓரத்தோடு ஓரமாகவே வளைந்து போனால் அது பூஞ்சை இல்லை, வெறும் ஓரக்கோடு.

நோயாளி ஏற்கெனவே பூஞ்சைக் களிம்பு பூசியிருந்தாலும் நெகட்டிவ் வரலாம். ஸ்டீராய்டு மட்டும் பூசி வந்தவரின் ஸ்லைடில் நேர்மாறாக இழைகள் வலை போட்டதுபோல் மண்டிக் கிடக்கும். முதன்முறை அதைப் பார்க்கும்போது மனசுக்கு என்னவோ செய்யும். பூஞ்சையை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் போட்டால், அதற்கான ஊடகமான சாபுராட் அகாரில் 4 வாரம் வரை காத்திருந்த பிறகே நெகட்டிவ் என்று எழுதுங்கள்.

கேள்வி (சென்னை, இதே கேள்வியை மேலும் நால்வர்): டெர்பினாஃபின் மாத்திரை ஒரு மாதம் சாப்பிட்டும் போகவில்லை. மாத்திரை போலியா?

பதில்: போலி என்று சந்தேகப்படும் முன், பூஞ்சையே மாறிவிட்டது என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். டெர்பினாஃபின், பூஞ்சையின் ஸ்குவாலின் எபாக்சிடேஸ் என்ற நொதியைப் பிடித்து நிறுத்துகிறது. அந்த நொதி இல்லாவிட்டால் பூஞ்சையால் தன் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெராலைச் செய்துகொள்ள முடியாது. இப்போது நம் நாட்டில் பரவியிருக்கும் பூஞ்சைகள் பலவற்றில் அந்த நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பூட்டு மாறினால் பழைய சாவி நுழையாது அல்லவா, அதே கதைதான்.

இந்த வகைக்கு 2020-ல் ட்ரைக்கோஃபைட்டான் இன்டோடினியே என்று தனிப் பெயர் வைத்தார்கள். பெயர் வைத்தவர்கள் ஜப்பானிய ஆய்வாளர்கள். அங்கே வசித்த இந்திய, நேபாள நோயாளிகளிடமிருந்து எடுத்த பூஞ்சை அது. 2023-ல் நியூயார்க்கில் இரண்டு பெண்களுக்கு இருந்ததாக அறிக்கை வந்தது. ஒருவர் வங்கதேசம் போய் வந்தவர். இன்னொருவர் வெளிநாட்டுப் பயணமே போகாதவர்.

மருத்துவ ஆய்வு என்றால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் வாராணசியில் நடந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத் தோல் பிரிவில், நாள்பட்ட படர்தாமரை உள்ள 200 பேரைக் குலுக்கல் முறையில் நான்காகப் பிரித்து, பிரிவுக்கொரு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். 4 வாரத்தில் நான்குமே தோல்வி. எந்த மருந்திலும் குணமானவர்கள் 8 சதவீதத்தைத் தாண்டவில்லை. 8 வாரத்தில் இட்ராகோனசோல் 66, ஃப்ளூகோனசோல் 42, டெர்பினாஃபின் 28, கிரிசியோஃபல்வின் 14 சதவீதம். 2020-ல் வெளியானது. இதை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். இட்ராகோனசோல் முந்துகிறது, சரி. ஆனால் அதிலும் மூன்றில் ஒருவருக்கு 8 வாரத்தில் போகவில்லை. நாம் எழுதிக் கொடுத்துப் பழகிய 2 வாரச் சீட்டு எதற்கும் போதாது.

உடனே இட்ராகோனசோல் வாங்கக் கடைக்குப் போகாதீர்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு அது ஆகாது. பல மாத்திரைகளோடு மோதும். கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். கூடவே அசிடிட்டி மாத்திரை போட்டால் உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

கேள்வி (நாமக்கல், 6 வயதுப் பையனின் அம்மா): பையன் கன்னத்தில் வெளிறிய திட்டுகள். வயிற்றில் பூச்சி என்கிறார் மாமியார். கால்சியம் குறைவு என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எனக்கு வெண்புள்ளியோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: மங்கலாக, ஓரம் தெளிவில்லாமல், லேசாகச் செதில் விட்டிருந்தால் அது பெரும்பாலும் பிட்டிரியாசிஸ் ஆல்பா என்ற மிதமான கரப்பான். பூச்சிக்கும் கால்சியத்துக்கும் சம்பந்தம் இல்லை. தேங்காய் எண்ணெயோ மாய்ஸ்சரைசரோ தடவுங்கள், வெயிலைக் குறையுங்கள். நிறம் திரும்பச் சில மாதங்கள் ஆகும். வெண்புள்ளி என்றால் சுண்ணாம்பு வெள்ளையாக, ஓரம் வெட்டியதுபோல் இருக்கும். இருட்டறையில் உட்ஸ் விளக்கின் புற ஊதா ஒளியில் பளிச்சென்று நீல வெண்மையாகத் தெரியும்.

தேமலும் இந்தக் குழப்பத்தில் சேரும். அது மார்பு, முதுகு, கழுத்தில் அதிகம். அதன் செதிலை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் சின்ன இழைகளும் உருண்டைகளும் கலந்து, சேமியாவும் ஜவ்வரிசியும் போட்ட பாயசம் மாதிரியே இருக்கும். ஒருமுறை பார்த்த மாணவர்கள் மறப்பதில்லை.

ஒன்றை மட்டும் வீட்டிலேயே பாருங்கள். பையன் கண்ணை மூடிக்கொள்ளட்டும். பஞ்சைத் திரித்து, திட்டின் மேலும் பக்கத்துத் தோலிலும் மாற்றி மாற்றித் தொடுங்கள், தொட்ட இடத்தை அவன் விரலால் காட்டட்டும். திட்டில் தொட்டது தெரியவில்லை என்றால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். முகத்தில் உணர்ச்சி நரம்புகள் நெருக்கம் என்பதால் இந்தச் சோதனை அங்கே தவறலாம். கை கால் திட்டுகளில்தான் இது நன்றாகப் பிடிபடும்.

கேள்வி (விழுப்புரம்): தொட்டால் தெரியாத திட்டு என்றால் தொழுநோய்தானே? அது ஒழிந்துவிட்டது என்றார்களே?

பதில்: 10,000 பேருக்கு ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இந்தியா 2005 கடைசியில் எட்டியது. அதைத்தான் ஒழிப்பு என்றார்கள். புது நோயாளிகள் இன்றும் வருகிறார்கள். வெளிறிய அல்லது செம்பு நிறத் திட்டு, அரிப்பு கிடையாது, அந்த இடத்தில் வியர்க்காது, உணர்ச்சி குறைவு. படர்தாமரை அரிக்கும், இது அரிக்காது. கூட்டு மருந்துச் சிகிச்சை 6 அல்லது 12 மாதம், அரசு மருத்துவமனையில் இலவசம். சீக்கிரம் வந்தால் கை கால் ஊனம் வராது. அரிக்கவில்லையே என்று விட்டுவிடுபவர்கள்தான் தாமதமாக வருகிறார்கள்.

கேள்வி (கோவை, சொரியாசிஸ் நோயாளி): ஒரு மருந்து ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். எங்களைச் சோதனை எலி ஆக்குகிறார்களா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. அதனால் கேட்க வேண்டியதைச் சொல்கிறேன். இந்த ஆய்வின் சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன என்று கேளுங்கள். மருத்துவ ஆய்வுகளுக்காக 2007-ல் தொடங்கிய இந்தியப் பதிவேடு அது, 2009-லிருந்து கட்டாயம். இணையத்தில் யார் வேண்டுமானாலும் தேடலாம். நெறிமுறைக் குழு அனுமதித்ததா என்று கேளுங்கள். 2019 விதிகளின்படி ஆய்வினால் பாதிப்பு வந்தால் சிகிச்சை இலவசம், இழப்பீடும் உண்டு. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். பாதியில் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது. அங்கேயே கையெழுத்துப் போடுங்கள் என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள்.

தோல் ஆய்வில் ஓர் அழகு இருக்கிறது. சில ஆய்வுகளில் வலது முழங்கைக்கு ஒரு களிம்பு, இடது முழங்கைக்கு இன்னொன்று கொடுப்போம். எது எது என்று நோயாளிக்கும் தெரியாது, அளக்கும் டாக்டருக்கும் தெரியாது. ஒரே ஆள், ஒரே சாப்பாடு, ஒரே வெயில். வித்தியாசம் வந்தால் அது களிம்பினால்தான். உங்களிடம் 10 கேள்விகள் கொண்ட ஒரு தாளும் கொடுப்பார்கள்: அரிப்பு எவ்வளவு இருந்தது, போட்டுக்கொள்ளும் துணியை மாற்றினீர்களா, கூச்சமாக இருந்ததா என்று. அதை அலட்சியமாக நிரப்பாதீர்கள். திட்டின் அகலத்தை நாங்கள் அளக்கலாம், அதனால் நீங்கள் படும் பாட்டை நீங்கள்தான் சொல்ல முடியும்.

கேள்வி (பெங்களூரு): ஃபோட்டோ எடுத்தால் நோயைச் சொல்லும் ஆப் இருக்கிறதே, போதாதா?

பதில்: அவற்றைப் பழக்கிய படங்களில் வெள்ளைத் தோல்தான் அதிகம். பாடப் புத்தகத்தில் சிவப்பு என்று எழுதியிருப்பது நம் நிறத்தில் பழுப்பாகவோ ஊதாவாகவோ கருத்தோ தெரியும். ஃபோட்டோவால் தடிப்பைத் தடவிப் பார்க்கவும் முடியாது, சுரண்டிப் பார்க்கவும் முடியாது.

கேள்வி (தென்காசி): சீமை அகத்தி இலை, பூண்டு அரைத்துப் போடலாமா அக்கா?

பதில்: சீமை அகத்தி இலைச் சாற்றுக்குப் பூஞ்சையை எதிர்க்கும் தன்மை இருப்பது ஆய்வகத்தில் தெரிந்த விஷயம். பாட்டிகள் சும்மா சொல்லவில்லை. ஆனால் உடம்பு முழுக்கப் பரவியதற்கு அது காணாது. பூண்டு வேண்டவே வேண்டாம், அரைத்துக் கட்டித் தோல் வெந்து கொப்பளித்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் எல்லோருக்கும் தனித் துண்டு, துணியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வெயிலில் காய வைப்பது, இறுக்கமான ஜீன்ஸைத் தள்ளி வைப்பது, அரிக்கும் எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுப்பது. இவற்றைச் செய்யுங்கள்.

கேள்வி (மெடிக்கல் ஷாப் ஊழியர், ஊர் வேண்டாம்): மேடம், வருகிறவர்கள் ட்யூபின் பெயரைச் சொல்லியே கேட்கிறார்கள். கொடுக்காவிட்டால் அடுத்த கடைக்குப் போகிறார்கள். நான் என்ன செய்ய?

பதில்: உங்கள் சங்கடம் புரிகிறது. எழுதிக் கேட்டதே பெரிய விஷயம். எத்தனை நாளாக இருக்கிறது, இதுவரை என்ன பூசினீர்கள் என்று இரண்டு கேள்வி கேளுங்கள். சமீபத்தில் வந்த சின்ன வட்டம் என்றால் ஸ்டீராய்டு கலக்காத, ஒரே மருந்து உள்ள குளோட்ரிமசோல் க்ரீமைக் கொடுத்து, வட்டத்தைத் தாண்டி இரண்டு விரல்கடை அகலம் சேர்த்துப் பூசச் சொல்லுங்கள். முகத்தில் என்றாலோ, குழந்தைக்கு என்றாலோ, மாதக்கணக்கு என்றாலோ எதையும் கொடுக்காமல், பக்கத்து அரசு மருத்துவமனையில் தோல் டாக்டர் உட்காரும் நாளையும் நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். அந்தச் சீட்டோடு என்னிடம் வந்தவர்கள் இருக்கிறார்கள்.