கடன் செயலிக்குக் காண்டாக்ட் அனுமதி கொடுத்துவிட்டேன், இன்னும் 4 தவணை பாக்கி, செயலியை நீக்கலாமா?

நண்பரே, உடனே நீக்க வேண்டாம். செயலியை நீக்கினால் கடன் தீராது, ஏற்கெனவே அவர்கள் சர்வருக்குப் போன தொடர்பு எண்களும் திரும்பி வராது, தவணை கட்டிய ரசீதுதான் கைவிட்டுப் போகும். முதலில் ரசீது, கடன் ஒப்பந்தம் எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். அப்புறம் போன் செட்டிங்ஸில் அந்தச் செயலியின் அனுமதிகளுக்குப் போய் தொடர்புகள், கோப்புகள், இருப்பிடம் மூன்றையும் நிறுத்துங்கள். இனி சேர்க்கும் எண்ணாவது அவர்களுக்குப் போகாது.

"ஆப் என்றாலே இதெல்லாம் கேட்கத்தானே செய்யும்" என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு வருத்தம். கேட்கவே கூடாது. 2022 செப்டம்பரிலிருந்தே ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் டிஜிட்டல் கடன் விதிகளின்படி கடன் செயலிகள் தொடர்புப் பட்டியல், கால் பதிவு, போட்டோ பக்கமே போகக் கூடாது. கேமரா, மைக், இருப்பிடம் மட்டும் கேஒய்சி எனும் அடையாளச் சரிபார்ப்புக்காக ஒருமுறை, அதுவும் உங்கள் சம்மதத்தோடு. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும், தரவை அழிக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு. கூகுளும் 2023 மே இறுதியிலிருந்து ப்ளே ஸ்டோரின் தனிநபர் கடன் செயலிகளுக்குத் தொடர்புகளையும் போட்டோவையும் மூடிவிட்டது.

ஆகவே ஒப்பந்தத்தில் கடன் கொடுத்த வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதன் குறைதீர் அதிகாரிக்கு, தரவை அழிக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் (குறைதீர்ப்பாளரிடம்) போகலாம். அப்படி ஒரு பெயரே இல்லையா? சைபர் குற்ற உதவி எண் 1930, இன்றைக்கே கூப்பிடுங்கள்.

என் சித்தி மகனுக்கு இதே மாதிரி ஒரு செயலியிலிருந்து அவன் அலுவலகத்துக்கே போன் போட்டார்கள், அவன் ஒரு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. நீங்கள் வீட்டில் சொல்லிவிடுங்கள்.