தரைத்தட்டு ஓட்டையான காருக்குக் காசு செலவழிக்கலாமா?

மட்டக்களப்பு மாவட்டத்தின் பெரிய கல்லாற்றிலிருந்து ஓர் ஆசிரியை கேட்கிறார்: "என்னிடம் பழைய மாருதி 800 இருக்கிறது. முன் ஆசனப் பக்கம் விரிப்பைத் தூக்கினால் தெரு தெரிகிறது. ஒரு கராஜில் தட்டு முழுவதையும் மாற்ற 180,000 ரூபாய் கேட்கிறார்கள். இன்னொருவர் 25,000 ரூபாய்க்கு இரண்டு நாளில் முடித்துத் தருவதாகச் சொல்கிறார். தெரிந்த புரோக்கர் ஒருவர், வீண் செலவு வேண்டாம், தன்னிடமே விற்றுவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

ரீச்சர், இந்த மூவரில் ஒருவராவது காரின் அடியில் படுத்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதுவரை யாருக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம்.

தெரு தெரிகிறதே என்று பயப்படுகிறீர்கள். நான் பயப்படுவது உங்களுக்குத் தெரியாத இடங்களைப் பற்றி. பழைய ஜீப்புகளில் உடலுக்குக் கீழே தனியான இரும்புச் சட்டம் ஓடும். உங்கள் காரில் அப்படி ஒன்று கிடையாது. தரைத்தட்டும், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டிப் பகுதியும், ஆசனத்துக்குக் கீழே குறுக்காகப் போகும் விட்டமும் சேர்ந்தே வண்டியைத் தாங்குகின்றன. கால் வைக்கும் இடத்தில் மட்டும் கறள் தின்றிருந்தால் வெட்டி ஒட்டிவிடலாம். பெட்டிப் பகுதியோ, ஆசனப் பட்டியின் போல்ட் இறங்கும் இடமோ, பின் சஸ்பென்ஷன் பிடிக்கும் இடமோ உக்கியிருந்தால் கதை வேறு. விபத்தில் உங்களைப் பிடித்து வைத்திருக்க வேண்டிய பட்டி தகரத்தோடு பிய்ந்து வரும்.

ஆகவே முதலில் ஆசனங்களையும் விரிப்பையும் முழுதாகக் கழற்றச் சொல்லுங்கள். பிறகு வண்டியைத் தூக்கும் மேடை உள்ள சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய், ஒரு பழைய ஸ்குரூ டிரைவரின் முனையால் நான் சொன்ன இடங்களை அழுத்திக் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல தகரம் 'டிங்' என்று சத்தம் கொடுக்கும். உக்கிய தகரத்தில் முனை இறங்கும், பழுப்பு நிறத்தில் தகடு தகடாகக் கொட்டும். இன்னொரு சோதனையும் உண்டு: கதவுக்குக் கீழே ஜாக் வைத்துச் சற்றுத் தூக்கி, அந்தக் கதவைத் திறந்து மூடுங்கள். தூக்கியதும் கதவு இடிக்கிறது என்றால் உடல் வளைகிறது. அப்படிப்பட்ட காருக்கு 180,000 போதவே போதாது. வேலையைத் தொடங்கிய பிறகுதான் அதைச் சொல்வார்கள்.

இனி அந்த 25,000 ரூபாய்க்காரர். அவர் என்ன செய்வார் என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஓட்டையின் மேல் ஃபைபர் துணியை ரெசினில் நனைத்து ஒட்டுவார், அல்லது பழைய பீப்பாய்த் தகரத்தை வைத்து ரிவெட் அடிப்பார். அதன் மேல் கறுப்புத் தார்ப் பூச்சை அடியிலிருந்து தாராளமாக அடிப்பார். பார்க்கப் புதுக் கார். நான் அதிகம் வெறுப்பது இந்தக் கறுப்புப் பூச்சைத்தான். சுத்தமான இரும்பின் மேல் அடித்தால் அது காவல், கறளின் மேல் அடித்தால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கும் உப்புக்கும் போர்த்திய போர்வை. ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமாக இருக்கும் உங்கள் ஊரில் அந்த உப்பு ஒருநாளும் ஓய்வதில்லை. பூச்சுக்குள்ளே தகரம் உக்கிக்கொண்டே போகும், வெளியே ஒன்றும் தெரியாது. சர்வீஸ் முடிந்ததும் கழிவு எண்ணெயை அடியில் விசிறுகிறார்களே, அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள். ரப்பர் புஷ்களை அது ஊதவைத்துக் கெடுத்துவிடும்.

ஒழுங்கான வேலை என்றால் கறள் பிடித்த இடத்தை நல்ல தகரம் வரும்வரை வெட்டி எறிய வேண்டும். ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள புதுத் தகரத்தைச் சீஓடூ (CO2 வாயு) வெல்டிங்கில் ஒட்ட வேண்டும். சாதாரண ஆர்க் வெல்டிங் மெல்லிய தகரத்தை எரித்துத் துளையாக்கும். பற்றரி இணைப்பைக் கழற்றாமலும், தட்டின் அடியில் ஓடும் பெற்றோல் குழாயையும் பிரேக் குழாயையும் ஒதுக்காமலும் நெருப்பை எடுப்பவரிடம் வண்டியைக் கொடுக்கவே வேண்டாம். ஒட்டு முடிந்ததும் இரு பக்கமும் துத்தநாகப் பிரைமர், மூட்டுகளில் சீலர், அதன் பிறகே கறுப்புப் பூச்சு. விலை பேசும்போதே ஒரு நிபந்தனை போடுங்கள்: ஒட்டு முடிந்து பூச்சு அடிப்பதற்கு முன், வெறும் தகரமாக இருக்கும்போது நீங்கள் வந்து பார்ப்பீர்கள், கடைசித் தவணை அதற்குப் பிறகுதான். இதற்குச் சம்மதிக்காத கராஜ்காரரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஓர் இடத்தை மட்டும் வெட்டவே கூடாது. அது சேசிஸ் இலக்கம், அதாவது வண்டியின் அடையாள எண், உள்ள இடம். சில கார்களில் ஆசனத்துக்குக் கீழே, சிலவற்றில் என்ஜினுக்குப் பின்னுள்ள சுவரில் அதைத் தகரத்திலேயே அடித்திருப்பார்கள். கராஜ் பையன் உக்கிய துண்டோடு அதையும் வெட்டிப் பழைய இரும்பில் எறிந்துவிட்டால், பதிவுப் புத்தகத்தில் இலக்கம் இருக்கும், காரில் இருக்காது. திருட்டுக் கார் அல்ல என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வாங்குபவருக்குக் கடன் கொடுக்கும் லீசிங் கம்பெனிக்காரர் வந்து பென்சிலால் தேய்த்து இலக்கத்தை எடுக்க முனையும்போது விற்பனை அங்கேயே நின்றுவிடும். ஆகவே வெட்டுவதற்கு முன் இலக்கத்தைத் தேடி, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, படம் எடுத்து வையுங்கள். கறள் அதற்கு அருகில் வந்திருந்தால் அந்தத் துண்டை அப்படியே விட்டு, சுற்றிலும் ஒட்டச் சொல்லுங்கள். இலக்கமே உக்கிப்போனால் கராஜுக்கு முன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போங்கள். "புது இலக்கம் நாங்களே அடித்துத் தருகிறோம்" என்று யாராவது சொன்னால் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

புரோக்கரின் கணக்கு எளிது. "தட்டு போன வண்டியை யார் வாங்குவார்கள்" என்று உங்களிடம் அடிமாட்டு விலைக்கு எடுப்பார். அந்த 25,000 ரூபாய் ஆளிடமே கறுப்புப் பூச்சு அடிப்பித்து, தூரத்து ஊரில் முழு விலைக்குத் தள்ளிவிடுவார். 2024 நவம்பர் வெள்ளத்தில் மூழ்கியெழுந்த கார்களுக்கும் இந்த ஒப்பனையே போதும். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்தாண்டில் எந்தத் தகர டப்பாவுக்கும் விலை கிடைத்த ருசி இவர்களுக்கு இன்னும் போகவில்லை.

இதையெல்லாம் பார்க்க அரசாங்கம் இல்லையா என்பீர்கள். வாகன வருமான அனுமதிப்பத்திரத்துக்காக ஆண்டுதோறும் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். புகைக்குழாயில் கருவியைச் செருகிப் புகையை அளந்து சான்றிதழ் தருகிறார்கள். அதே காரின் அடியில் தலை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தாலும் அது அவர்கள் வேலையல்ல. பஸ், லொறிக்குத் தகுதிச் சான்றிதழ் கேட்கும் சட்டம் பிள்ளைகளை ஏற்றிப்போகும் காரைக் கேட்பதில்லை. காப்புறுதியும் கறளுக்குக் காசு தராது.

உங்கள் காரில் பெட்டிப் பகுதியும் போல்ட் இடங்களும் சத்தமாக 'டிங்' என்றால் திருத்துங்கள். ஆனால் முழுத் தட்டும் தேவையில்லை. உக்கிய பகுதிக்கு மட்டும் தகரம், கூலி, பூச்சு என்று தனித்தனியாக எழுதி வாங்கினால் 180,000 கணிசமாக இறங்கும். அவை உக்கியிருந்தால் செலவழிக்காதீர்கள். விரிப்பைக் கழற்றி, ஓட்டையைக் காட்டி, என்ஜினுக்கும் கதவுகளுக்குமாக உதிரிப்பாகக் கடைக்காரரிடம் விற்றுவிடுங்கள். இரண்டில் எதைச் செய்தாலும் அதுவரை கண்ணாடிகளை இறக்கி வைத்து ஓட்டுங்கள், புகைக்குழாயில் கசிவு இருந்தால் நச்சுப் புகை அந்த ஓட்டை வழியே உள்ளே வரும்.

திருத்துவதென்று முடிவெடுத்தால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். ஏசி இருந்தால் அதன் நீர்க்குழாய் அடைத்திருக்கலாம். முன் கண்ணாடிக்குக் கீழே வேப்பஞ்சருகு நிறைந்து மழைநீர் உள்ளே இறங்கலாம். சந்தையிலிருந்து ஐஸ் போட்ட மீன் பெட்டியை ஆசனத்தின் கீழே வைத்துக் கொண்டுவரும் பழக்கம் வீட்டில் யாருக்காவது இருந்தால், புதுத் தட்டு போட்ட பிறகு மீனுக்கு மூடியுள்ள வாளி ஒன்று வாங்குங்கள்.