எழுந்தால் கண் இருட்டுகிறதா?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. பிரஷருக்கும் புராஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். விடியற்காலையில் பாத்ரூம் போக எழுந்தால் கண் இருட்டுகிறது என்கிறார். போன வாரம் கதவைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். என்ன செய்வது, டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: முதலில் மாத்திரைச் சீட்டைப் பாருங்கள் அம்மா. புராஸ்டேட்டுக்குத் தரும் டாம்சுலோசின் போன்ற மருந்துகள் ரத்தக் குழாய்களையும் தளர்த்தும். பிரஷர் மாத்திரையும் சேர்ந்துகொண்டால், எழும்போது காலுக்கு இறங்கும் ரத்தம் மூளைக்குப் போதிய அளவு ஏறாது. நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து 1, 3 நிமிடங்களில் மறுபடியும் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் மருந்தை மாற்ற வேண்டியிருக்கலாம். உட்காரவைத்து மட்டும் பார்த்தால் இது பிடிபடாது.

அதுவரை, படுத்தபடியே பாதங்களை மேலும் கீழும் ஆட்டட்டும். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்காரட்டும், அப்புறம் எழட்டும். ராத்திரியில் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. உள்தாழ்ப்பாள் வேண்டாம். கண் இருட்டினால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். அடிபடவில்லையே என்று இருந்துவிடாதீர்கள்; உடனே டாக்டரிடம் காட்டி ஈசிஜியும் எடுத்துவிடுங்கள்.