வீட்டுக்குள் எடுக்கும் படங்களில், சோபாவில் குதிக்கும் பையன் மட்டும் மங்கலாகத் தெரிவது ஏன்?

ஷட்டர் வேகத்தை (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/250 நொடிக்கு ஏற்றுங்கள், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விட்டு உச்சவரம்பை 6400 ஆக்குங்கள். லென்ஸில் கோளாறு இருக்காது.

கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸை 55 வரை ஜூம் செய்து எடுப்பதாகச் சொல்கிறீர்கள். அங்கே அப்பெர்ச்சர், அதாவது லென்ஸின் துவாரம், 5.6க்குச் சுருங்கிவிடும் (எண் கூடினால் துவாரம் சிறிது), 18இல் கிடைக்கும் 3.5ஐவிடப் பாதிக்கும் குறைவான வெளிச்சம்தான் உள்ளே வரும். ஈடுகட்ட, ஆட்டோ மோடு ஷட்டரை 1/40க்கு இறக்கியிருக்கும். லென்ஸில் ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே என்று கேட்டிருந்தீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பையனை அல்ல!

பழைய படம் ஒன்றைப் பெரிதாக்கிப் பாருங்கள். சோபாவின் தையல் தெளிவாக இருந்து, பையனின் கைவிரல்கள் மட்டும் இழுபட்டிருந்தால் ஷட்டர்தான் காரணம். பின்னால் இருக்கும் காலண்டரின் எழுத்து தெளிவாகவும் பையனின் முகம் முழுக்க மெத்தென்றும் இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது; நகரும் ஆளைப் பின்தொடரும் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள்.

ஜூம் செய்யாமல் கிட்டே போய், தரையில் உட்கார்ந்து எடுங்கள். குதியின் உச்சியில் உடல் ஒரு கணம் கிட்டத்தட்ட நின்றுவிடும். அங்கே அழுத்தினால் 1/125கூடப் போதும்.

ஒன்று மட்டும்: மலிவான எல்இடி ட்யூப்லைட்டின் கீழ் ஷட்டரை ஏற்றினால் படத்தில் குறுக்கே கருப்புப் பட்டைகள் விழலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அவ்விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்கும். பட்டை தெரிந்தால் 1/100க்கு இறங்குங்கள், அல்லது பகலில் ஜன்னல் பக்கம் விளையாட விடுங்கள். ஐஎஸ்ஓ ஏறினால் கொஞ்சம் புள்ளி விழும்தான், மங்கலுக்கு அது எவ்வளவோ மேல்.