அனுப்பிய கதையைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்க்கிறேன்

அன்புள்ள அக்காவுக்கு,

களுவாஞ்சிக்குடியிலிருந்து எழுதுகிறேன். பகலில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன், விடியப்புறம் சிறுகதை எழுதுகிறேன். மாமியும் பிள்ளைகளும் எழும்புவதற்கு முன்னால், குசினி மேசையில், மகனின் பழைய கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில்தான் என் கதை எல்லாம் தொடங்கும். அந்த நேரம் எனக்கு ஒரு பயமும் இல்லை.

பயம் கதையை அனுப்பிய பிறகுதான் வருகிறது. சஞ்சிகைக்கு மின்னஞ்சலில் போட்டதும் அலுவலகத்தில், பஸ்ஸில், சோறு வடிக்கிற நேரத்திலும் கூட, ஃபோனில் அதைத் திறந்து திறந்து வாசிக்கிறேன். கதையில் வரும் மாமியாரைப் பார்த்து எங்கள் மாமி தன்னைத்தான் எழுதியிருக்கிறாள் என்று நினைப்பாவோ, ஊர்ச்சனம் வாய்க்கு வந்தபடி கதைக்குமோ என்று நெஞ்சு படபடக்கும், விரல் நுனி விறைக்கும். ஒருநாள் பஸ்ஸில் மூச்சு முட்டி இடையில் இறங்கி வைத்தியசாலைக்குப் போனேன். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, இதயத்தில் ஒன்றும் இல்லை, சும்மா யோசிக்க வேண்டாம் என்றார்கள். இப்போது மட்டக்களப்பில் நூல் வெளியீடு என்றாலே ஏதாவது சாட்டுச் சொல்லி நின்றுவிடுகிறேன். இரவில் நித்திரை இல்லை, அதைச் சமாளிக்கப் பகல் முழுக்கத் தேத்தண்ணீர்.

“எழுதுறதாலதான் இந்த வருத்தம், கொஞ்ச நாளைக்கு விடு” என்கிறார் கணவர். டொக்டரிடம் காட்டிக் குளிசை எடு என்கிறாள் ஒரு தோழி. குளிசை எடுத்தால் பதற்றத்தோடு சேர்ந்து எழுத்தும் போய்விடுமோ? நான் எதை விடுவது, அக்கா?

(பெயர் வேண்டாம்)

அன்பின் தங்கச்சிக்கு,

எழுத்தை விட வேண்டாம். கணவர் உங்கள் மேலுள்ள அக்கறையில்தான் சொல்கிறார். ஆனால் குசினி மேசையில் எழுதும்போது பயமில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களை வாட்டுவது அனுப்பிய பிறகு நடக்கும் அந்தச் சரிபார்ப்பு.

எழுதுகிறவர்கள் பலர் இதையும் உழைப்பு என்றே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கதையைத் திருத்தினால் ஏதாவது ஒரு வரி மாறும். பஸ்ஸில் திறந்து வாசிக்கும்போது எதுவும் மாறுவதில்லை. ‘பிழை இல்லை’ என்ற ஆறுதல் மட்டும் கிடைக்கிறது, அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான். பார்த்ததால்தான் தப்பினோம் என்று மனம் பழகிவிடுகிறது, அடுத்த முறை இன்னும் கெதியாகப் பார்க்கச் சொல்கிறது. நூல் வெளியீட்டுக்குப் போகாமல் நிற்பதும் இப்படித்தான் பயத்தை வளர்க்கிறது.

அதனால் அடுத்த கதையை அனுப்பியதும் ஃபோனிலிருந்து அதை எடுத்துவிடுங்கள். அனுப்பும் முன், என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதைக் கொப்பியில் ஒரு வரி எழுதுங்கள். கதை வெளிவந்த பிறகு, உண்மையில் நடந்ததை அதன் கீழே எழுதுங்கள். முதல் நாட்களில் மனம் நச்சரிக்கும். பார்க்காமல் இருந்தால் பதற்றம் ஏறி, கொஞ்சம் நின்று, பிறகு தானாகவே இறங்கும். இதை உங்கள் உடம்பு நேரில் கண்டால்தான் நம்பும், நான் சொல்லி நம்பாது.

மாமியைப் பற்றிய கவலை மட்டும் வேறு. அதில் நியாயம் இருக்கிறது. ஊருக்குள் இருந்துகொண்டே ஊரை எழுதுகிற யாருக்கும் அது வரத்தான் செய்யும். அந்தப் பாத்திரத்தின் வயதை, தொழிலை மாற்றுவதா, மாமியிடமே முன்கூட்டிச் சொல்லிவிடுவதா என்று அனுப்பும் முன்பே முடிவெடுங்கள். எடுத்த முடிவை இரவில் படுக்கையில் கிளற வேண்டாம்.

விரல் விறைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது இரத்தத்தில் கரியமிலவாயு குறையும், அதனால்தான் விறைப்பும் தலைச்சுற்றும் வருகின்றன. மூச்சை மெதுவாக உள்ளே எடுத்து, எடுத்ததைவிட நீண்ட நேரம் வெளியே விடுங்கள். இப்படித் திடீரென்று வரும் பதற்றம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தணியத் தொடங்கும். தேத்தண்ணீரைப் பகல் சாப்பாட்டோடு நிறுத்துங்கள். அதிலுள்ள கஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 5 மணித்தியாலம் எடுக்கும், படபடப்பையும் அது கூட்டும். தைரொயிட் சுரப்பி கூடுதலாக வேலை செய்தாலும், இரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரும் என்பதால் ஒரு இரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் குளிசை. எல்லாருக்கும் அது தேவைப்படுவதில்லை. பேச்சுவழிச் சிகிச்சையிலேயே பலர் தேறுகிறார்கள். நித்திரையும் வேலையும் தொடர்ந்து கெட்டால் வைத்தியர் எழுதித் தரலாம். பதற்றத்துக்கு வழக்கமாக முதலில் கொடுக்கும் மருந்துகள் வேலை செய்யச் சில கிழமை எடுக்கும். தூக்கக் குளிசைபோல அடிமைப்படுத்துபவை அல்ல, ஆனாலும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. சிலருக்கு உணர்ச்சி கொஞ்சம் மழுங்கியதுபோல் இருக்கலாம். அப்படி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், அளவையோ மருந்தையோ மாற்றுவார்கள். கதைக்கு வேண்டியது நித்திரை கொண்டு எழும்பிய தலையும், மனிதரைக் கவனிக்கிற கண்ணும். பதற்றம் அந்த இரண்டையுமே உங்களிடமிருந்து பறிக்கிறது.

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. ‘எழுதுகிறேன்’ என்பதையும் அங்கே சொல்லுங்கள். இரவில் தாங்க முடியாமல் வந்தால் 1926க்கு அழைக்கலாம், அது தேசிய மனநல உதவி இலக்கம். அடுத்த வெளியீட்டுக்கு அந்தத் தோழியையும் கூட்டிக்கொண்டு போங்கள். பின்வரிசையில் இருந்தால் போதும், பேசவேண்டிய கட்டாயம் இல்லை. படபடப்பு வந்தாலும், அது இறங்கும் வரைக்கும் எழும்பி வரவேண்டாம்.

அன்புடன்,
அக்கா