பிறவி மார்பக வேறுபாடு: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், வயது 22. மார்பு அடியில் குறுகி முன்னால் நீண்டிருக்கிறது, காம்பைச் சுற்றிய கருவட்டம் புடைத்திருக்கிறது. இம்ப்ளான்ட் (மார்புக்குள் வைக்கும் சிலிக்கான் பை) வைத்தால் சரியாகுமா?

பதில்: அது மட்டும் போதாதும்மா. நேரில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும் என்றாலும், நீங்கள் சொல்வது டியூபரஸ் மார்பகம் போலிருக்கிறது. 1976-இல் ரீஸ், ஆஸ்டன் என்ற இருவர் விவரித்தது. மார்பின் அடியில் ஒரு நார் வளையம் இறுக்கிப் பிடித்திருக்கும். பருவ வயதில் சுரப்பி வளரும்போது கீழே விரிய வழியில்லாமல் கருவட்டத்தின் வழியே பிதுங்கும். சுருக்குப் பையின் வாயைப் பாதி இழுத்துக் கட்டியதுபோல. ஆகவே முதல் வேலை அந்த இறுக்கத்தை விடுவிப்பது. கருவட்ட ஓரமாகக் கீறி உள்ளே போய், சுரப்பியின் பின்புறத்தை வெட்டி விரித்து, மார்பின் அடிமடிப்பைக் கீழே இறக்குவோம். அளவு போதாவிட்டால் அதன்பின் இம்ப்ளான்டோ, தொடையிலிருந்து எடுத்த கொழுப்போ. வளையத்தை விட்டுவிட்டு இம்ப்ளான்ட் வைத்தால் பழைய மடிப்பு குறுக்கே கோடாகத் தெரியும். அதைத் திருத்துவது முதல் அறுவையைவிடக் கடினம்.

கேள்வி: பின்னால் தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: பலர் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த அமைப்பில் சுரப்பியே குறைவு. அறுவை இல்லாமலும் சிலருக்குப் பால் போதாது. கருவட்டக் கீறல் அதை இன்னும் குறைக்கலாம். தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கேள்வி: எண்ணெய் தேய்த்தால் சரியாகுமா?

பதில்: ஆகாது. இன்று நான்காவது முறையாகச் சொல்கிறேன். எண்ணெயும் க்ரீமும் நார் வளையத்தை அவிழ்க்காது. அந்த விளம்பரங்களுக்குப் பணம் கட்டாதீர்கள்.

கேள்வி: நான் ஆண். வலது மார்பில் தசை இல்லை, அந்தக் கைவிரல்களும் குட்டை.

பதில்: போலந்து சிண்ட்ரோமாக இருக்கலாம், தம்பி. 1841-இல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையின் ஆல்ஃபிரட் போலந்து எழுதியது. முதுகுத் தசையை முன்னால் கொண்டுவந்து நிரப்பலாம். கை அறுவை நிபுணரையும் பாருங்கள்.

கேள்வி: கடவுள் கொடுத்த உடம்பு. அழகுக்காகக் கத்தி வைக்கலாமா?

பதில்: 2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவையை இலவசமாகத் தொடங்கியபோதும் இப்படித்தான் கேட்டார்கள். பிளவுபட்ட உதட்டைத் தைக்கும்போது யாரும் கேட்பதில்லை.

அதே நண்பர்: பிளவு உதட்டோடு குழந்தை பால் குடிக்கத் திணறும். இதில் என்ன கேடு?

பதில்: பால் குடிப்பதைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் விடுதி அறையில் யார் முன்னும் உடை மாற்றாமல் நாலு வருடம் படித்து முடித்த பெண்கள் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். கேடு இல்லை என்று அவர்களிடம் என்னால் சொல்ல முடியாது. அறுவை வேண்டாம் என்பவர்களை நான் வற்புறுத்துவதும் இல்லை.

கேள்வி: இம்ப்ளான்ட் ஆயுளுக்கும் வருமா?

பதில்: வராது. பிற்பாடு மாற்ற வேண்டிவரலாம். ஸ்கேன் பரிசோதனையும் தொடர வேண்டும். 20 வயதில் வைப்பவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.